எந்த மெஷினிலும் பூட் ஆகும் பென்டிரைவ்

2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 7-க்கு அப்டேட் தருவதை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. அந்த மாதக் கடைசியில் பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியிலிருந்து எங்கள் கடைக்கு போன் வந்தது. பிளஸ் டூ பிராக்டிகலுக்கு முன்னால் லேபில் உள்ள 22 கம்ப்யூட்டரிலும் விண்டோஸ் 10 போட்டு, பைத்தானும் ஏற்றித் தர வேண்டுமாம். கடை அண்ணன் என்னை அனுப்பினார். நான் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

முந்தின இரவே ஓர் இலவச டூலில் விண்டோஸ் ஏற்றும் பென்டிரைவைத் தயார் செய்து, கடை லேப்டாப்பில் செருகிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். அதில் அழகாக பூட் ஆனது, அதாவது பென்டிரைவிலிருந்தே மெஷின் தொடங்கியது. அதனால் எல்லாவற்றிலும் ஆகும் என்று நம்பினேன்.

லேபில் ஜன்னலோரம் 13 மெஷின்கள், விண்டோஸ் 8.1-ஓடு வந்தவை. பின்சுவரை ஒட்டி ஒன்பது பழைய கோர் 2 டுவோ மெஷின்கள். புதியதில் செருகினால் செக்யூர் பூட் தடுக்கிறது என்று ஒரு பெட்டி வந்தது. நம்பகமான டிஜிட்டல் கையெழுத்து இல்லாத எதையும் பூட் ஆக விடாத பாதுகாப்பு அது. பழையதில் அதுவும் இல்லை. கறுப்புத் திரை, இடது மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது. போர்ட் மாற்றினேன், வேறு மெஷினில் செருகினேன், மறுபடி அதே கோடு. கம்ப்யூட்டர் டீச்சர் பக்கத்தில் வந்து, "ரொம்பப் பழசு தம்பி, அதுக்கெல்லாம் ஏறாதோ?" என்றார். அண்ணனுக்கு போன் போட்டேன். "அது யுஇஎஃப்ஐ இல்லாத போர்டுடா. நீ ஜிபிடில போட்டிருப்ப. எம்பிஆர்ல போட்டுட்டு வா" என்றார். யுஇஎஃப்ஐ என்பது கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் பழைய பயாஸுக்குப் பதிலாகப் புது மெஷின்களில் வந்தது. ஜிபிடி, எம்பிஆர் இரண்டும் டிஸ்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் முறைகள், முன்னது புதியது, பின்னது பழையது.

அன்றைக்கு இரண்டு பென்டிரைவ், இரண்டு விதமாகச் செய்து வேலையை முடித்தேன். புதிய மெஷின் பதின்மூன்றிலும் செக்யூர் பூட்டை ஆஃப் செய்துவிட்டுத்தான் ஓஎஸ் ஏற்றினேன். திரும்ப ஆன் செய்யத் தோன்றவே இல்லை. வேலை முடிந்தால் போதும் என்றிருந்தது.

அந்தக் கோடு ஏன் மின்னியது என்று அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். பழைய பயாஸுக்கு ஃபைல் என்றால் என்னவென்றே தெரியாது. பென்டிரைவின் முதல் 512 பைட்டை எடுத்து மெமரியில் வைத்து, அதை ஓடவிடும். அதன் கடைசி இரண்டு பைட் 55, ஏஏ என்று இருக்கிறதா என்பதைப் பார்ப்பதோடு அதன் சோதனை முடிந்தது. யுஇஎஃப்ஐ அந்த 512 பைட்டில் இருக்கும் நிரலை ஓட்டுவதே இல்லை. எஃப்ஏடி என்ற எளிய ஃபைல் அமைப்பில் உள்ள பார்ட்டிஷனைத் திறந்து, ஈஎஃப்ஐ ஃபோல்டருக்குள் பூட் ஃபோல்டருக்குள் பூட்எக்ஸ்64 என்ற ஃபைலைத் தேடும். செக்யூர் பூட் ஆனில் இருந்தால், அந்த ஃபைலில் அது நம்புகிற கையெழுத்தும் இருக்க வேண்டும். என் பென்டிரைவ் என்டிஎஃப்எஸ், யுஇஎஃப்ஐ பெரும்பாலும் நேரடியாகப் படிக்காத வேறொரு ஃபைல் அமைப்பு. அதைப் படிப்பதற்காக டூல் சேர்த்து வைத்த சின்ன புரோகிராமுக்கு அந்தக் கையெழுத்து இல்லை. கடை லேப்டாப்பில் செக்யூர் பூட் எப்போதோ ஆஃப் ஆகியிருந்தது. நான் செய்த சோதனையால் எதுவும் தெரியாமல் போனது அதனால்தான்.

இதை நான் முழுசாகப் புரிந்துகொண்டது ஓர் ஆடிட்டர் வீட்டில். ஊரடங்கு நேரம், 2020 ஜூலை. லேப்டாப் மெதுவாக இருக்கிறது என்று கூப்பிட்டிருந்தார். பழக்க தோஷம், போனதும் முதல் வேலையாக செக்யூர் பூட்டை ஆஃப் செய்தேன். ஏதோ மறந்துவிட்டது என்று விண்டோஸுக்குள் போகப் பார்த்தால், நீலத் திரையில் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டது. பிட்லாக்கர், டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி. பூட் செட்டிங் மாறினால் சந்தேகப்பட்டு கீ கேட்கும். அவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. லேப்டாப் வாங்கியபோது மகள்தான் மைக்ரோசாப்ட் கணக்கைப் போட்டுக் கொடுத்திருந்தாள். டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டு, கீ அந்தக் கணக்கில் போய்ச் சேர்ந்திருந்தது. மகள் பெங்களூரில் வேலையில் இருந்தாள். இரண்டரை மணி நேரம் கழித்து போனில் வந்து, ஆறு ஆறு இலக்கமாக எட்டு முறை படித்தாள். ஆடிட்டர் கை நடுங்க ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் எழுதினார். எழுதி முடித்து ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துச் சரிபார்த்தார். அத்தனை பேருடைய ஜிஎஸ்டி கணக்கும் அதற்குள்தான் இருந்தது. செக்யூர் பூட்டைத் திரும்ப ஆன் செய்திருந்தாலே பெரும்பாலும் கீ கேட்காமல் உள்ளே விட்டிருக்கும் என்பது எனக்கு அன்று தெரியாது. அந்த இரண்டரை மணி நேரத்தை இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

அந்த வாரமே புதிதாக ஒரு பென்டிரைவ் செய்தேன். அடுத்தவர் மெஷினில் ஒரு செட்டிங்கையும் தொடாமல் அது பூட் ஆக வேண்டும். 16 ஜிபி போதும். விண்டோஸின் டிஸ்க்பார்ட் கட்டளையில் கிளீன் செய்து, ஒரே ஒரு பிரைமரி பார்ட்டிஷன், அதை ஆக்டிவ் செய்து, எஃப்ஏடி32-இல் ஃபார்மட். இது எம்பிஆர்தான். பென்டிரைவிலிருந்து பூட் ஆக யுஇஎஃப்ஐக்கு ஜிபிடி கட்டாயம் இல்லை. பிறகு பூட்செக்ட் கட்டளையால் பயாஸுக்கான பூட் கோடை எழுதிவிட்டு, விண்டோஸ் ஐஎஸ்ஓ ஃபைலில் (டிஸ்கின் முழு நகல்) உள்ளதை அப்படியே காப்பி செய்ய வேண்டியதுதான். இடிக்கிற இடம் ஒன்றே ஒன்று. எஃப்ஏடி32-இல் ஒரு ஃபைல் 4 ஜிபிக்குள் இருக்க வேண்டும். விண்டோஸ் முழுவதும் அடங்கிய இன்ஸ்டால்.விம் ஃபைல் அதைத் தாண்டியிருந்தது. டிஸ்ம் கட்டளையால் அதை இரண்டாக உடைத்து எஸ்டபிள்யூஎம் ஃபைல்களாக வைத்தால், செட்டப் தானே சேர்த்துப் படித்துக்கொள்கிறது. பூட் ஃபைல் மைக்ரோசாப்ட் கையெழுத்திட்டது என்பதால் செக்யூர் பூட்டும் தடுப்பதில்லை.

பல ஐஎஸ்ஓக்களை ஒரே பென்டிரைவில் வைத்து பூட் செய்ய உதவும் வென்டாய் நல்ல டூல்தான். லினக்ஸ் ஐஎஸ்ஓக்களுக்கு இன்றும் அதைத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் செக்யூர் பூட் உள்ள மெஷினில் முதல் தடவை அதன் கீயைப் பதிவு செய்யச் சொல்லும். வாடிக்கையாளர் மெஷினில் அதைச் செய்ய எனக்கு மனம் வருவதில்லை.

பென்டிரைவ் சரியாக இருந்தும் சிக்கல் வருவதுண்டு. பூட் மெனுவில் அதே பென்டிரைவ் இரண்டு முறை தெரியும், ஒன்றின் முன்னால் யுஇஎஃப்ஐ என்றிருக்கும். ஜிபிடி டிஸ்க் உள்ள மெஷினில் மற்றதைத் தேர்ந்தெடுத்தால், இந்த டிஸ்கில் விண்டோஸ் போட முடியாது என்று பாதி வழியில் நிற்கும். இன்டெல் 11-ஆம் தலைமுறை லேப்டாப்கள் சிலவற்றில் டிஸ்கே கண்ணில் படாது. அதற்கான டிரைவரை ஒரு ஃபோல்டரில் போட்டுத் தயாராக வைத்திருக்கிறேன்.

2021 ஜனவரியில் பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளுக்குப் பள்ளி திறந்தபோது நானே அந்த லேபுக்குப் போனேன். 13 மெஷினிலும் செக்யூர் பூட்டைத் திரும்ப ஆன் செய்தேன். பழையவற்றில் ஆறில், செட்டிங்குகளை நினைவில் வைக்க உதவும் சிமாஸ் பேட்டரி செத்துப்போயிருந்தது. ஒவ்வொரு தடவை கரண்ட் போகும்போதும் தேதியும் பூட் வரிசையும் பழையபடி ஆகிவிடும். ஆறுக்கும் புது பேட்டரி போட்டேன். அந்த போர்டுகளில் பென்டிரைவ் தனியாகத் தெரியாது, ஹார்ட் டிஸ்க் வரிசைக்குள் போய் மேலே நகர்த்த வேண்டும், அதுவும் பவர் போடும் முன்பே செருகியிருந்தால்தான். இதையெல்லாம், எந்த மெஷினுக்குக் கீபோர்டில் எந்தக் கீயை அழுத்த வேண்டும் என்பதோடு ஒரு தாளில் எழுதி, இன்னொரு பென்டிரைவோடு டீச்சரிடம் கொடுத்தேன். அவர் தாளை பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டினார்.

மூன்று மாதம் முன்பு போன் செய்தார். "தம்பி, பதினொண்ணாம் நம்பர் மெஷின் நின்னுபோச்சு. தாளைப் பார்த்து நானே போட்டுட்டேன். பைத்தானும் ஓடுது." எந்தக் கீ அழுத்தினீர்கள் என்று கேட்டேன். சரியாகச் சொன்னார்.