இரண்டரையும் பித்தளைப் படியும்

எட்டாம் வகுப்புக்கு விகிதமுறு எண்கள், அதாவது பின்னமாக எழுதக்கூடிய எண்கள், எடுக்கும்போதெல்லாம், "பெருக்கல் நேர்மாறு கேட்டால் பின்னத்தைத் தலைகீழாகத் திருப்பு" என்றுதான் பல வருடம் சொல்லிக்கொடுத்தேன். தேர்வில் பிள்ளைகள் சரியாகவே எழுதினார்கள். அதனால் எனக்கும் சந்தேகம் வரவில்லை.

ஒருநாள் கரும்பலகையில் 2½ எழுதி நேர்மாறு கேட்டேன். ஒரு பையன் வந்து இரண்டை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்திலிருந்த ½ஐ மட்டும் 2/1 ஆக்கினான்; இரண்டும் இரண்டும் நாலு என்றான். பெருக்கிப் பார் என்றேன். இரண்டரை நாலு, பத்து. "பத்து வருது டீச்சர், சரிதானே?" என்றான். அவன்மேல் என்ன தப்பு? திருப்பச் சொன்னேன், திருப்பினான். பெருக்கினால் 1 வரவேண்டும் என்பதை நான் ஒரு தடவை வேகமாகச் சொல்லிவிட்டுக் கடந்திருந்தேன்.

மறுநாள் வீட்டிலிருந்து பித்தளைப் படி, உழக்கு, ஆழாக்கு, கொஞ்சம் அரிசி எல்லாம் எடுத்துப்போனேன். படியில் எட்டில் ஒரு பங்கு ஆழாக்கு, கால் பங்கு உழக்கு. எட்டு ஆழாக்கு கொட்டினால் படி நிறையும்; 1/8 × 8 = 1. இதில் யாருக்கும் சிரமமில்லை. அப்புறம் ஒரு டப்பாவில் மூன்று உழக்கு அரிசி கொட்டி அளவுக்குக் கோடு போட்டேன். முக்கால் படி. "இந்த டப்பாவால் அளந்தால் ஒரு படிக்கு எத்தனை டப்பா?"

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண், "ஒரு டப்பா, மேலே ஒரு உழக்கு" என்றாள். அந்த உழக்கு டப்பாவில் எத்தனை பங்கு? மூன்றில் ஒன்று. ஆக 1⅓, அதாவது 4/3. யாரும் எதையும் திருப்பவில்லை, தலைகீழி தானாக வந்து நின்றது. இரண்டரைப் படி அரிசியை ஐந்து பங்காக்கி இரண்டை எடுத்தால் ஒரு படி என்று அந்தப் பையனே சொன்னான், 2/5.

"காலி டப்பாவால் அளந்தா?" என்று ஒருவன் கேட்க வகுப்பே சிரித்தது. எத்தனை தடவை கொட்டினாலும் படி நிறையாதே. பூச்சியத்துக்கு நேர்மாறு ஏன் இல்லை என்று நான் தனியாக விளக்கவேண்டி வரவில்லை.

பெருக்கல் சமனி, அதாவது 1, அதைப் புரியவைக்கத்தான் நேரம் இழுத்தது. ஒன்றால் பெருக்கினால் எண் மாறாது என்று ஒப்பிப்பார்கள். ஆனால் 3/4ஐ 2/2ஆல் பெருக்கி 6/8 ஆக்கினால் "எண் பெரிசாயிடுச்சு" என்பார்கள். மூன்று உழக்கையே ஆறு ஆழாக்காக அளந்து காட்டினேன். அதே அரிசி, அதே கோடு. 2/2 என்பதும் ஒன்றுதான் என்பது அப்போதுதான் சிலருக்கு உறைத்தது.

காலாண்டுத் தேர்வில் இரண்டு பேர் 5/2க்குப் பெருக்கல் நேர்மாறு –5/2 என்று எழுதியிருந்தார்கள். கூட்டினால் 0 வரும் கூட்டல் நேர்மாறோடு குழப்பம். அதற்குப் படி உதவாது. கடன் கணக்கு ஏதாவது யோசிக்கவேண்டும்.