பேட்ஜ் அளவை 0.12-ஆல் பெருக்காதீர்கள்

கீழக்கரை, தேவிபட்டினம் பக்கம் சின்ன மருத்துவமனைகளில் எக்ஸ்ரே அறையைப் பார்த்துக்கொள்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் டெக்னீஷியன் ஒருவரின் டி.எல்.டி. பேட்ஜில் (உடலில் படும் கதிர்வீச்சை அளக்க அணிவது) மூன்று மாதத்துக்கு 12 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சு டோஸின் அலகு) காட்டியிருக்கிறது, காரணம் சொல்லுங்கள் என்று பேட்ஜ் அளவைக் கண்காணிப்பவர்களிடமிருந்து கடிதம் வந்தது. படிவமும் கையெழுத்தும் ஒரே நாளில் முடிந்தன. கணக்கில்தான் மாட்டிக்கொண்டோம்.

"நெஞ்சில் குத்துற பேட்ஜ்தானே சார், நுரையீரலுக்கு 0.12. பெருக்கினா 1.44 வருது, அப்படியே எழுதிடுங்க" என்றார் ஆலோசகர். அவர் சொன்ன 0.12, நுரையீரலின் எடைக் காரணி; ஓர் உறுப்பில் படும் டோஸுக்கு மொத்த ஆபத்தில் எவ்வளவு பங்கு என்று காட்டும் எண். எழுதினோம், திரும்பி வந்தது. பேட்ஜ் தருவது நுரையீரலின் அளவு அல்ல. உடம்பில் 10 மி.மீ. ஆழத்துக்கான அளவு அது. உடல் முழுக்கச் சமமாகப் பட்டதாகக் கொண்டு அதையே எஃபெக்டிவ் டோஸாக, அதாவது முழு உடலின் ஆபத்தைக் காட்டும் டோஸாகப் பதிகிறார்கள். எல்லா உறுப்புகளின் எடைக் காரணிகளையும் கூட்டினால் 1 வரும். ஆகவே மறுபடி பெருக்க அங்கே எதுவும் இல்லை.

உறுப்புவாரியாக டோஸ் தெரிந்தால்தான் காரணிக்கு வேலை. தைராய்டுக்கு 10, நுரையீரலுக்கு 10 மில்லிசீவர்ட் மட்டும் பட்டிருந்தால் 0.4 + 1.2 = 1.6.

ஆலோசகரின் அட்டவணையும் 1990-ஆம் ஆண்டினுடையது. அதில் இனப்பெருக்கச் சுரப்பிக்கு 0.20, மார்பகத்துக்கு 0.05. சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் 2007-இல் இவற்றை 0.08, 0.12 என்று மாற்றிவிட்டது. பரம்பரைப் பாதிப்பு முன்பு கருதியதைவிடக் குறைவு, மார்பகப் புற்றுநோய் ஆபத்து அதிகம் என்று தெரிந்ததே காரணம். செம்மஜ்ஜை, பெருங்குடல், நுரையீரல், இரைப்பைக்கும் 0.12தான். தைராய்டு, கல்லீரல், உணவுக்குழாய், சிறுநீர்ப்பைக்கு 0.04. தோல், மூளை, உமிழ்நீர்ச் சுரப்பி, எலும்புப் பரப்புக்கு 0.01.

தோலுக்கு 0.01தானே என்று சி-ஆர்ம் (அறுவைச் சிகிச்சையின்போது பயன்படும் எக்ஸ்ரே கருவி) கதிருக்குள் கையை நீட்டிவிடாதீர்கள். அந்த எண் புற்றுநோய் ஆபத்துக்கானது. தோல் வெந்து புண்ணாவதைத் தடுக்க ஆண்டுக்கு 500 மில்லிசீவர்ட் என்று தனி வரம்பு உண்டு. கண் வில்லைக்கு எடைக் காரணியே கிடையாது. கண்புரை வராமலிருக்க அதற்கும் தனி வரம்புதான்.

"நேரில் வாங்க" என்றதால் பரமக்குடி வழியாக மதுரைக்குப் போனதும் வீண். எங்கள் கணக்கை அங்கே யாரும் பார்க்கவில்லை. பேட்ஜ் எங்கே தொங்கியது என்பதுதான் கேள்வி. அதை வீட்டிலிருந்தே எழுதி அனுப்பியிருக்கலாம்.

விசாரித்ததில் விஷயம் வெளிவந்தது. லெட் ஏப்ரனின் (கதிரைத் தடுக்கும் ஈய அங்கி) மேல் பேட்ஜைக் குத்தி, நெஞ்சுப் படம் எடுக்கும் செஸ்ட் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஆணியிலேயே ஏப்ரனை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். எடுத்த ஒவ்வொரு படத்தின் சிதறலும் அதில் ஏறியிருக்கிறது. மூன்று மாத எக்ஸ்ரே பதிவேட்டின் நகல், அதே ஷிப்டில் நின்ற மற்றவரின் குறைந்த அளவு, ஆணி இருந்த இடத்தின் வரைபடம் மூன்றையும் இணைத்தோம். இரண்டாவது கடிதத்தை ஏற்றுக்கொண்டார்கள்.

பேட்ஜ் ஏப்ரனுக்கு உள்ளே, நெஞ்சில் இருக்கட்டும். வேலை முடிந்ததும் கன்ட்ரோல் பேட்ஜோடு (யாரும் அணியாமல், ஒப்பிடுவதற்காக வைப்பது) சேர்த்து எக்ஸ்ரே அறைக்கு வெளியே வையுங்கள். கன்ட்ரோலும் அறைக்குள் இருந்தால் ஒப்பிட எதுவுமே இருக்காது. நம் ஊர் உப்புக்காற்றில் பேட்ஜ் உறை சீக்கிரம் ஈரம் கோத்துவிடும். எங்களுடையவை இப்போது பில்லிங் கவுண்டரில், மூடிபோட்ட டப்பாவில் இருக்கின்றன.