கொத்தடிமை மீட்பு வேலையில் ஆறு மாதம்: விண்ணப்பம் முதல் விடுதலைச் சான்றிதழ் வரை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அமைப்பின் பெயர், மாவட்டம், எந்தச் செங்கல் சூளை என்பது எதையும் இங்கே எழுதப் போவதில்லை. சேரும்போதே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த விஷயம் அது, வழக்கும் இன்னும் முடியவில்லை. ஆட்களைப் பற்றிய சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். பல நாடுகளில் ஆள் கடத்தலுக்கு எதிராக வேலை செய்யும் ஒரு அமைப்பு, அதன் தமிழ்நாட்டு அலுவலகம், அங்கே நான் 2024 ஜனவரி முதல் ஜூன் வரை இன்டர்ன். அவ்வளவு தெரிந்தால் போதும். இந்த வேலைக்கு எப்படிப் போவது, போனால் என்ன செய்யச் சொல்வார்கள் என்று என் கல்லூரித் தங்கைகள் பலர் கேட்கிறார்கள், அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

தொடக்கம் சின்னதுதான். எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முதல் வருடம் படிக்கும்போது, 2023 பிப்ரவரி 9 அன்று கல்லூரியில் கொத்தடிமை ஒழிப்பு உறுதிமொழி எடுத்தோம். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் அந்தத் தேதியில்தான் வந்தது, அதனால் தமிழ்நாட்டில் அரசு அலுவலகங்களிலும் வருடா வருடம் அன்று உறுதிமொழி உண்டு. அன்றைக்குப் பேச வந்த அந்த அமைப்புக்காரர்கள் தன்னார்வலர்கள் வேண்டும் என்றார்கள், பெயர் கொடுத்தேன். எட்டு மாதம் சனிக்கிழமைகளில் போனேன். என்ன வேலை என்றால், கையால் எழுதிய மனுக்களைத் தட்டச்சு செய்வது, துண்டறிக்கைத் தமிழைத் திருத்துவது, கூட்டம் நடந்தால் நாற்காலி போட்டு வருகிறவர்களுக்குப் பதிவேட்டில் பெயர் எழுதுவது. பாதிக்கப்பட்ட ஒருவரைக்கூட அந்த எட்டு மாதத்தில் நான் பார்க்கவில்லை. அப்போது அது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இப்போது நினைத்தால் அவர்கள் செய்ததுதான் சரி. வந்த முதல் வாரமே மீட்கப்பட்டவர்களோடு உட்கார வைத்து, போட்டோ எடுத்துப் போட்டுக்கொள்ளவும் விடுகிற இடம் என்றால் அங்கே போகாதீர்கள். தன்னார்வலராகச் சேர நம்மிடமே பணம் கேட்கிற இடத்துக்கும் போகாதீர்கள்.

இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பித்தது அந்த அக்டோபரில். படிவம், இரண்டு கட்டுரை, உறவினர் அல்லாத இரண்டு பேரின் பரிந்துரை, காவல்துறை சரிபார்ப்புச் சான்று, அப்புறம் குழந்தைகள் பாதுகாப்பு விதிகளில் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து. காவல்துறைச் சான்றுக்கு முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள், எனக்கு அதற்குத்தான் அதிக நாள் பிடித்தது. நேர்காணல் இரண்டு சுற்று. இரண்டாவது சுற்றில் ஒரு கேள்வி: "மீட்டுக் கொண்டுவந்த ஒரு குடும்பம் பத்து நாளில் அதே சூளைக்குத் திரும்பிப் போனால் என்ன செய்வீர்கள்?" விழிப்புணர்வு கொடுப்பேன் என்றேன். எதிரில் இருந்த அக்கா கோபப்படவில்லை. "அன்னைக்கு அவங்க வீட்ல அரிசி இருந்துச்சான்னு கேக்க மாட்டீங்களா?" என்றார். நான் பேசாமல் இருந்தேன். அப்படியும் எடுத்துக்கொண்டார்கள். இன்றுவரை அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

பணத்தைப் பற்றிக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். எனக்குச் சம்பளம் கிடையாது, பயணச் செலவு மட்டும் தந்தார்கள். ஹாஸ்டல் வாடகை அப்பா கொடுத்தார். அப்பாவால் முடியாமல் போயிருந்தால் நான் போயிருக்கவே முடியாது, இதை எந்த அமைப்பிடமும் நேரடியாகச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். கிராமத்துப் பிள்ளைகளால் வர முடியாத இடமாக இந்த வேலை ஆகிவிட்டால், சூளையில் இருப்பவர்களின் பேச்சு புரிகிற ஆள் அந்த அலுவலகத்தில் இருக்க மாட்டார்.

முதல் இரண்டு வாரம் பயிற்சி. அங்கேதான் எனக்கு ஒரு சொல்லே பிரச்சினை என்று தெரிந்தது. நாம் 'ஆள் கடத்தல்' என்கிறோம். கடத்தல் என்றதும் வேன், வாயைப் பொத்துவது, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது என்றுதான் மனதில் வருகிறது. ஐ.நா. 2000-இல் கொண்டுவந்த பலெர்மோ உடன்பாட்டில் அப்படி இல்லை. ஆளைச் சேர்ப்பது, கொண்டுபோவது, வைத்துக்கொள்வது ஆகியவற்றில் ஏதாவது ஒரு செயல், மிரட்டல், ஏமாற்று, ஒருவரின் இயலாமையைப் பயன்படுத்திக்கொள்வது போன்ற ஒரு வழி, சுரண்டும் நோக்கம். இவை மூன்றும் இருந்தால் போதும். ஆள் தானாகவே பஸ் ஏறி வந்திருக்கலாம், குடும்பத்தோடு சிரித்துக்கொண்டேகூட வந்திருக்கலாம்.

கொத்தடிமை என்ற சொல்லும் அப்படித்தான், கேட்டதும் சங்கிலியைத் தேடுகிறோம். 1976 சட்டம் சங்கிலி கேட்கவில்லை. முன்பணம் வாங்கியிருக்கிறார்கள், அதற்காக வேலை செய்கிறார்கள், கூடவே கூலி இல்லை அல்லது பெயருக்குத்தான் கூலி, அல்லது வேறு இடத்தில் வேலைக்குப் போக முடியாது, அல்லது நினைத்த இடத்துக்குப் போய்வர முடியாது. இவற்றில் ஒன்று இருந்தாலே போதும். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவதே கட்டாய உழைப்புதான் என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் சொல்லிவிட்டது. வாங்கிய பணம் கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் கடன் கொடுத்தவருடையது. படிக்கும்போது எனக்கு வியப்பாக இருந்தது, இவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறார்களே, பிறகு ஏன் ஒவ்வொரு முறையும் இழுபறி என்று.

பிப்ரவரி கடைசியில் அந்தச் சூளையைப் பற்றிய தகவல் வந்தது. மூன்று இருளர் பழங்குடிக் குடும்பங்கள், குழந்தைகளோடு பன்னிரண்டு பேர். சூளைக் காலம் ஜனவரி வாக்கில் தொடங்கி மழை வரும் முன் முடிந்துவிடும், அதற்குள் மனு போய், விசாரணை நடந்து, ஆட்கள் வெளியே வர வேண்டும். ஆனால் மார்ச் 16 அன்று நாடாளுமன்றத் தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டது. வருவாய்த் துறையில் யாரைக் கேட்டாலும் தேர்தல் வேலை. ஏப்ரல் 19 வாக்குப்பதிவு முடியும் வரை எங்கள் மனு அப்படியே கிடந்தது. அந்த ஏழு வாரமும் ஒவ்வொரு நாளும் நடுராத்திரி ஒரு மணிக்கு எழுந்து அவர்கள் கல் அறுத்துக்கொண்டிருப்பார்கள் என்று தெரியும். எனக்கு அந்த நேரத்தில்தான் விழிப்பு வரும். அலுவலகத்தில் வாரம் ஒரு முறை மனநல ஆலோசகரோடு எல்லா இன்டர்ன்களும் பேச வேண்டும் என்று விதி இருந்தது. முதலில் அதை நேர விரயம் என்று நினைத்தவள் ஏப்ரலில் அந்த நாளுக்காகக் காத்திருந்தேன்.

மே முதல் வாரம் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) தலைமையில் விசாரணை. தாசில்தார், போலீஸ், தொழிலாளர் துறையிலிருந்து ஒருவர், எங்கள் அமைப்பிலிருந்து நான்கு பேர். நான் போனது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவும் வாக்குமூலம் எழுதுகிறவர்களுக்கு உதவவும்தான். சூளையில் நிற்க முடியாத வெயில். காயப்போட்ட கல்லைப் புரட்டிக்கொண்டிருந்த பையனுக்கு ஆறு வயதிருக்கும், போலீஸ் ஜீப்பைப் பார்த்தும் கையை நிறுத்தவில்லை.

எல்லோரையும் வேனில் ஏற்றி அலுவலகத்துக்குக் கொண்டுவந்தோம், முதலாளி தரப்பு யாரும் பக்கத்தில் இல்லாமல்தான் பேச வேண்டும் என்பதற்காக. ஒரு அதிகாரி அவர்களில் ஒரு பெண்ணிடம் கேட்டார், "உங்களைக் கட்டிப் போட்டாங்களா? அடிச்சாங்களா?" இல்லை சார். "அங்க நீங்களாத்தான போனீங்க?" ஆமா சார். "கடன் இருக்கா?" கடன்லாம் இல்ல சார். அத்தோடு தாளை மூடப் பார்த்தார். வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். என்னை நேர்காணல் செய்த அதே அக்கா, அனுமதி கேட்டுக்கொண்டு, அந்தப் பெண்ணின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "அட்வான்ஸு எவ்ளோ வாங்கினீங்க?" என்றார். பதினஞ்சாயிரம் என்று உடனே பதில் வந்தது. அவர்களுக்கு அட்வான்ஸ் வேறு, கடன் வேறு. கடன் என்றால் வட்டிக்கு வாங்குவது. "ஊர்ல சாவு, கல்யாணம்னா எப்படிப் போவீங்க?" அதற்கு அந்தப் பெண் சாதாரணமாகச் சொன்னார், ஒரு ஆளை நிறுத்திட்டுப் போவோம் என்று. போன மாதம்கூட மாமியாரை நிறுத்திவிட்டுப் போனார்களாம். யார் சாவுக்கு என்று அக்கா கேட்டார்.

"அத்தையோட அண்ணன் சாவுக்குத்தான்."

அந்தக் கிழவி சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். உடன்பிறந்தவன் சாவுக்குப் போகாமல், மற்றவர்கள் திரும்பி வருவதற்கு ஈடாகச் சூளையில் நின்றவர் அவர். அறையில் யாரும் பேசவில்லை. அதிகாரி திரும்பவும் தாளைத் திறந்தார், அவரும் நல்ல மனிதர்தான், எப்படிக் கேட்பது என்று தெரியாமல்தான் முதலில் அப்படிக் கேட்டார். சட்டத்தில் 'நடமாடும் உரிமையை இழத்தல்' என்று படித்திருந்தேன், அது இப்படித்தான் இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அன்றிரவே பன்னிரண்டு பேருக்கும் விடுதலைச் சான்றிதழ், அதாவது கொத்தடிமையிலிருந்து விடுவிக்கப்பட்டவர் என்று அரசு தரும் தாள். அந்தச் சான்றிதழோடு முன்பணக் கடன் செத்துவிடுகிறது, யாரும் திருப்பிக் கேட்க முடியாது. அப்போதைய மத்திய அரசு மறுவாழ்வுத் திட்டப்படி உடனடி உதவி ஆளுக்கு 30,000 ரூபாய் வரை கிடைக்கும். முழு மறுவாழ்வுத் தொகை ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், கொடுமை மிக அதிகம் என்றால் 3 லட்சம், ஆனால் அதைக் குற்றவாளிக்குத் தண்டனை கிடைப்பதோடு முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். சூளை முதலாளி மேல் அந்த 1976 சட்டத்திலும், இந்திய தண்டனைச் சட்டத்தில் ஆள் கடத்தலுக்கான 370-ஆம் பிரிவிலும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் வழக்கு. அந்த 370 இப்போது 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய சட்டத்தில் 143 ஆகிவிட்டது, விண்ணப்பிக்கிறவர்கள் இரண்டையும் படித்துவிட்டுப் போங்கள்.

இனி என் தவறு. பெயர்ப் பட்டியல் தயாரித்தது நான். கிழவியின் பெயர் ஆதாரில் 'அம்மா' என்று முடியும், நான் கேட்ட மாதிரி எழுதுவதாக நினைத்து 'அம்மாள்' என்று எழுதிவிட்டேன். என் பட்டியலைப் பார்த்துத்தான் சான்றிதழ் அடித்தார்கள். மற்றவர்கள் கணக்கில் பணம் ஏறியது, அவர் கணக்கில் ஏறவில்லை. பெயர் ஒத்துப்போகவில்லையாம். அந்த ஒரு 'ள்' எழுத்தைத் திருத்த ஆறு வாரம் ஆனது. அந்த ஆறு வாரத்தில் வருவாய் அலுவலகத்துக்கு ஒன்பது முறை போனேன். போகும்போதெல்லாம் அவர் வீட்டிலும் எட்டிப் பார்ப்பேன், அரிசி இருக்கிறதா என்று கேட்பேன். இரண்டு முறை இல்லை. அமைப்பின் அவசர உதவியிலிருந்து வாங்கிக் கொடுத்தோம். மருமகள் ஒரு நாள் சொன்னார், சூளைக்காரர் ஆள் அனுப்பினாராம், வந்தால் புது அட்வான்ஸ் தருகிறேன் என்று. போலீசில் அதையும் எழுதிக் கொடுத்தோம். வேலை தெரிகிற நேரம் இதுதான். மீட்பு ஒரு நாள். பிள்ளைகளின் சாதிச் சான்றிதழ், ரேஷன் அட்டை, பள்ளிக்கூடம், பேங்க் பாஸ்புக் என்று அதற்கப்புறம் நடையோ நடை, அந்த நடைக்குத்தான் இன்டர்ன்கள் தேவைப்படுகிறார்கள். ஆகவே தங்கைகளே, படிவத்தில் 'மீட்பில் பங்கேற்க ஆசை' என்று எழுதாதீர்கள். தாலுகா அலுவலக பெஞ்சில் அரை நாள் உட்காரும் பொறுமை இருக்கிறது என்று எழுதுங்கள், அது உண்மையாகவும் இருக்கட்டும். ஆதாரைக் கையில் வாங்கி, எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதுங்கள்.

திருத்திய சான்றிதழ் ஜூன் 27 வியாழக்கிழமை கைக்கு வந்தது. மறுநாள் என் கடைசி நாள். நானே எடுத்துக்கொண்டு போனேன். கிழவிக்குப் படிக்கத் தெரியாது, என்ன எழுதியிருக்கிறது படி என்றார். முழுதும் படித்தேன். பெயர் வந்த இடத்தில் நிறுத்தி இன்னொரு முறை படிக்கச் சொன்னார். மன்னிப்புக் கேட்டேன், என்னால்தான் பணம் தாமதம் என்று. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சான்றிதழை மடித்து, ரேஷன் அட்டை இருந்த பிளாஸ்டிக் கவருக்குள் வைத்தார்.

"இனிமே யாரும் ஆளு நிறுத்தச் சொல்ல மாட்டாங்கல்ல?"

மாட்டாங்க பாட்டி, என்றேன்.

அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டும், அண்ணியை இன்னும் பார்க்கவில்லை, நாளைக்குக் காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். டீக்கடையில் விசாரித்து வந்து சொன்னேன், ஐந்தேமுக்காலுக்கு.