அம்மாவின் பெயரைத் திருத்தி வாங்கிய கதை

அம்மாவின் இறப்புச் சான்றிதழை இணையத்திலிருந்து இறக்கிப் பார்த்தபோது அதில் 'க. பிச்சையம்மாள்' என்று இருந்தது. எங்கள் அம்மாவின் பெயர் க. பேச்சியம்மாள். வயது சரி, அப்பா பெயர் சரி, கதவு எண் சரி, இறந்த தேதியும் சரி. இறந்தவர் பெயர் மட்டும் வேறு யாருடையதோ.

அம்மா போன பிறகு பட்ட அலைச்சலில் பாதிக்கு மேல் அந்த ஒரு தாளால் வந்தது. இனி இந்தப் பாதையில் போகிறவர்களுக்குக் கொஞ்சம் உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன். அம்மாவைப் பற்றியும் நடுநடுவே வரும். அவளை விட்டுவிட்டு இதை என்னால் சொல்ல முடியாது.

மற்றபடி எல்லாம் ஊர் வழக்கப்படி நடந்தது. என் வீட்டில்தான் உயிர் பிரிந்தது. கடைசி வரை பார்த்துவந்த டாக்டரே வந்து பார்த்து, படிவம் 4ஏ-வில் காரணம் எழுதிக் கொடுத்தார். மதுரை தத்தனேரியில் தகனம், திருப்புவனத்தில் அஸ்தி கரைப்பு, பதினாறாம் நாள் காரியம். அண்ணன் சவுதியிலிருந்து வந்து எல்லாம் செய்துவிட்டு லீவு முடிந்து கிளம்பிவிட்டார். அக்கா திருப்பூருக்குப் போய்விட்டாள். அப்புறம் காகிதங்களோடு நான் நின்றேன்.

ஆஸ்பத்திரியில் இறந்தால் பதிவுக்கான தகவலை அவர்களே அனுப்பிவிடுவார்கள். வீட்டில் இறந்தால் நாம்தான் 21 நாளுக்குள் சொல்ல வேண்டும். தாண்டினால் தாமதக் கட்டணம். ஒரு வருஷம் தாண்டிவிட்டால் கோட்டாட்சியர் வரை போக வேண்டும். நாங்கள் நேரத்துக்குள் கொடுத்துவிட்டோம். நான் கையால் நிரப்பிக் கொடுத்த படிவத்தில் பெயர் தெளிவாகவே இருந்தது, ஆதார் நகலும் இணைத்திருந்தேன். அதைப் பார்த்துக் கணினியில் ஏற்றியவர்தான் 'பே'யை 'பி' ஆக்கி, 'சி'யை 'சை' ஆக்கிவிட்டார். ஆகவே முதல் எச்சரிக்கை: பதிவு செய்யும்போது பக்கத்திலேயே நின்று, திரையில் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்த பிறகு பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். துக்கத்தில் இருக்கிறவர்களிடம் இதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் அந்த ஒரு நிமிஷம் நின்றால் பல நாள் மிச்சம்.

பதிவு செய்த அலுவலகத்துக்கே திருத்தம் கேட்டுப் போனேன். கவுன்டரில் இருந்தவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்க யாரு?"

"மகள் சார்."

"மகன் இல்லையா?"

"வெளிநாட்டுல இருக்கார்."

"அப்ப அவர் வரட்டும். கட்டிக்கொடுத்த பொண்ணு நீங்க ஏன் அலையிறீங்க?"

இறப்பைப் பதிவு செய்யத் தகவல் கொடுத்ததே நான்தான். தகவலாளர் என்ற இடத்தில் என் கையெழுத்து இருக்கிறது. அதைக் காட்டினேன். "சரி, ரெண்டெழுத்துதானம்மா. இதுக்குப் போய்... அப்படியே வச்சுக்கங்க. ரெண்டு பேரும் ஒருத்தர்தான்னு நோட்டரிகிட்ட ஒரு அபிடவிட் போட்டுக்கங்க, எங்கயும் ஓடும்" என்றார். இல்லை, திருத்தித்தான் வேண்டும் என்றதும், "அப்ப கோர்ட் ஆர்டர் கொண்டு வாங்க" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். வாசலில் நின்ற புரோக்கர் ஒருவர் பின்னாலேயே வந்து, ஆயிரத்து ஐந்நூறு கொடுத்தால் முடித்துத் தருவதாகச் சொன்னார். கொடுக்கவில்லை.

இரண்டெழுத்துக்கு நான் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடித்தேன் என்று என் வீட்டுக்காரரே கேட்டார். காரணம் அம்மாதான். அவள் பள்ளிக்கூடம் போனதே இல்லை. வாத்தியாராக இருந்த அப்பா, கல்யாணத்துக்குப் பிறகு ராத்திரிகளில் சிலேட்டு வாங்கி வைத்து அவளுக்குப் பெயர் எழுதக் கற்றுக்கொடுத்தார். முதலில் எல்லா எழுத்துகளையும் எழுதி முடிப்பாள். அப்புறம் கையைத் திரும்ப இடப்பக்கம் கொண்டுவந்து ச், ம், ள் மூன்றுக்கும் வரிசையாகப் புள்ளி வைப்பாள். கடைசிப் புள்ளியைக் கொஞ்சம் அழுத்தி வைப்பாள். அப்பா இறந்த பிறகு குடும்ப ஓய்வூதியத்துக்காகப் போனபோது, வயதானவள் என்று பார்த்த உடனேயே ஒருவர் மை டப்பாவை நகர்த்தி வைத்தார். அம்மா அதை ஒரு விரலால் திருப்பித் தள்ளிவிட்டுப் பேனா கேட்டாள். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. மூன்று புள்ளியும் வைத்து முடிக்கும்வரை அவள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அந்தப் பெயரை யாரோ அவசரத்தில் தட்டிய தட்டுக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

வழி காட்டியவர் எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர். வேலையில் இருந்த காலத்தில் இந்தப் பதிவேடுகளையே எழுதியவர். "கோர்ட் எதுக்குத் தாயி? 1969-ஆம் வருஷப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்துல 15-வது பிரிவு இருக்கு. பதிவாளரே திருத்தலாம்" என்றார். எழுத்துப்பிழை என்றால் பதிவாளர் பார்த்துத் திருப்திப்பட்டாலே போதுமாம். விவரமே தப்பு என்றால், உண்மை தெரிந்த நம்பகமான இரண்டு பேர் உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டுமாம். பழைய பதிவை அழிக்க மாட்டார்கள். ஓரத்தில் சரியானதைக் குறித்துக் கையெழுத்தும் தேதியும் போடுவார்கள். நம்மிடம் எந்த வகை என்று சொல்வார்களோ தெரியாது, இரண்டுக்கும் தயாராகவே போ என்றார். மனுவையும் அவரே சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மனுவில் பிரிவு எண்ணைக் குறிப்பிடுங்கள். நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இது இரண்டும் இருந்தால் பேச்சு மாறுகிறது.

ஆதாரங்களுக்கு அம்மாவே வழி வைத்திருந்தாள். அவளுடைய ரெக்சின் பையில் எல்லாம் இருந்தது: வாக்காளர் அட்டை, வங்கிப் பாஸ்புத்தகத்தின் முதல் பக்கம், பழைய குடும்ப அட்டை, ஓய்வூதியப் புத்தகம், கரண்டு கணக்கு எழுதுகிற வெள்ளை அட்டைகள்கூட வருஷ வாரியாக ரப்பர் பேண்டு போட்டு. ஓய்வூதியப் புத்தகத்தில் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து எடுத்த படம் ஒட்டியிருக்கிறது. அப்பா விறைப்பாக இருக்கிறார். அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு உதட்டைக் கடித்திருக்கிறாள். நகல் எடுக்கும் கடையில் அந்தப் பக்கத்தைக் கண்ணாடியில் வைக்கக் கொடுத்துவிட்டு நான் வெளியே வந்து நின்றுகொண்டேன்.

உறுதிமொழிக்கு ஒருவர் அந்தச் சுகாதார ஆய்வாளர். இன்னொருவர் எதிர்வீட்டுப் பெரியம்மா. முழங்கால் வலி, படி இறங்குவதே கஷ்டம். நான் தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு, "ஏத்தா, பேச்சியக்கா பேருக்கு நான் வராம வேற எவ வருவா?" என்று சேலையை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஆட்டோவில் போகும்போது அம்மா அழகருக்குப் போடும் நீர்மோர் பற்றியே பேச்சு. சித்திரைத் திருவிழாவில் அழகரை மதுரைக்கு வரவேற்கும் எதிர்சேவை அன்றைக்கு இரண்டு அண்டா கலக்குவாள். இஞ்சியையும் பச்சைமிளகாயையும் மிக்சியில் போட விடமாட்டாள், அம்மியில் தட்டித்தான் போட வேண்டும். வருகிறவர்கள் ஒரு டம்ளர் குடித்துவிட்டு நகர்ந்தால் கையைப் பிடித்து இரண்டாவது டம்ளர் ஊற்றுவாள்.

இந்த முறை பதிவாளரையே நேரில் பார்த்தோம். அவர் நல்ல மனிதர். பெரியம்மாவை உட்காரச் சொல்லிவிட்டு, "இறந்தவங்களை உங்களுக்கு எவ்வளவு காலமா தெரியும்?" என்று கேட்டார். "என் மூத்தவன் பொறந்தப்ப அவனுக்குச் சேனை வச்சதே பேச்சியக்காதான். அவனுக்கு இப்பப் பேரன் இருக்கான்" என்றார்கள் பெரியம்மா. அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. ஆவணங்களை வரிசையாகப் பார்த்து மனுவில் குறிப்பு எழுதினார். திருத்திய சான்றிதழ் வந்த அன்று பெயரைச் சத்தம் போட்டு வாசித்தேன். முதலில் என்னை விரட்டிய கவுன்டர்காரரும் அங்கேயேதான் இருந்தார்.

ஒன்று சொல்ல வேண்டும். அபிடவிட் போட்டு ஓட்டியிருந்தால் அடுத்தடுத்த ஒவ்வொரு இடத்திலும் அதைக் காட்டி விளக்கம் சொல்லிக்கொண்டே இருந்திருப்பேன். முதல் தாள் தப்பாக இருந்தால் அதைச் சரிசெய்யாமல் அடுத்த அலுவலகத்துக்குப் போகாதீர்கள். திருத்திய பிறகு பத்துப் பிரதி எடுத்து வையுங்கள். லேமினேஷன் வேண்டாம்.

அடுத்தது வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பம் ஏற்றிவிடலாம். அது வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) வழியாகத் தாசில்தாருக்குப் போகும். விசாரணைக்கு வந்த உதவியாளர் எங்கள் மூன்று பேர் பெயரையும் பார்த்துவிட்டு, "மகன் ஒருத்தர் பேர்ல போட்டாச் சீக்கிரம் முடியும். பொண்ணுங்க ரெண்டு பேரும் விட்டுக்கொடுக்கிறோம்னு எழுதிக் குடுத்துருங்களேன்" என்றார். எனக்கு வந்த கோபத்தை இப்போது எழுதும்போதும் அடக்க வேண்டியிருக்கிறது. வாரிசுச் சான்றிதழ் என்பது சொத்தைப் பிரித்துக் கொடுக்கும் பத்திரம் இல்லை. யார் யார் வாரிசு என்று சொல்லும் தாள். அதில் பெற்ற மகளின் பெயரை விடுவது பொய் சொல்வதாகும். 1956-ஆம் வருஷ இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த தாயின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. கல்யாணம் ஆனதா ஆகவில்லையா என்ற கேள்வியே அங்கே கிடையாது. அண்ணனிடம் போனில் சொன்னேன். "மூணு பேர் பேரும் இல்லாம அந்தத் தாளே எனக்கு வேணாம்னு சொல்லு" என்றார். சொன்னேன். மூன்று பேர் பெயரோடும் வந்தது. பெண்கள் யாராவது இதைப் படித்தால், 'சீக்கிரம் முடியும்' என்ற பேச்சுக்கு மட்டும் தயவுசெய்து மயங்காதீர்கள்.

அடுத்து அம்மாவின் குடும்ப ஓய்வூதியம். அதை வழங்கும் கருவூலத்தில் ஒரு கடிதத்தோடும் சான்றிதழ் நகலோடும் வேலை முடிந்தது. ஆனால் ஒரு எச்சரிக்கை: ஓய்வூதியம் இறந்த நாள் வரைக்கும்தான். தகவல் போய்ச் சேர்வதற்குள் அடுத்த மாதப் பணம் கணக்கில் ஏறிவிடலாம். ஏ.டி.எம். அட்டை கையில் இருக்கிறதே, காரியச் செலவுக்கு ஆகட்டும் என்று எடுத்துவிடாதீர்கள். திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

வங்கியில் ஓய்வூதியக் கணக்குக்கு நாமினி நான், அது சட்டென்று முடிந்தது. டெபாசிட்டுக்கு நாமினி அப்பா. அப்பா போய் எவ்வளவோ காலமாகிறது. நாமினி உயிரோடு இல்லை என்றால் எல்லா வாரிசுகளின் கையெழுத்தும் வேண்டும். மேலாளர் முதலில் நீதிமன்றத்தில் வாரிசுரிமைச் சான்றிதழ் வாங்கச் சொன்னார். தாசில்தார் தருவது வேறு, நீதிமன்றம் தருவது வேறு. இரண்டாவதற்குச் செலவும் காலமும் அதிகம். தகராறு இல்லாத குடும்பத்தில், வங்கி வைத்திருக்கும் வரம்புக்குள் தொகை இருந்தால், வாரிசுச் சான்றிதழும் ஈட்டுறுதிப் பத்திரமும் (பின்னால் வேறு யாராவது உரிமை கேட்டால் நாங்களே பொறுப்பு என்று வங்கிக்கு எழுதிக் கொடுப்பது) போதும் என்பது ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல். எங்கள் தொகை வரம்புக்குள்தான். "முடியாது என்றால் அதை எழுத்தில் கொடுங்கள் சார்" என்று கேட்ட பிறகுதான் படிவத்தை எடுத்துக் கொடுத்தார். ஆவணங்கள் முழுதாகச் சேர்ந்தால் 15 நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்பதும் விதி. அதையும் நினைவுபடுத்தினேன்.

இதில் கஷ்டப்பட்டது அண்ணன்தான். அவருக்குத் தம்மாமில் வேலை, தூதரகம் ரியாத்தில். கையெழுத்துக்கு அத்தாட்சி வாங்கி அனுப்ப லீவு சொல்லி அலைந்தார். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் காரியத்துக்கு வந்திருக்கும்போதே வங்கிப் படிவங்களைக் கேட்டு வாங்கி, அவர்கள் கிளம்புவதற்குள் கையெழுத்தை முடித்துவிடுங்கள். அந்த நேரத்தில் பணப் பேச்சா என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

அப்புறம், உயிரோடு இருக்கும் பெரியவர்களின் கணக்குகளை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். நாமினி இருக்கிறாரா, அவர் உயிரோடு இருக்கிறாரா, பெயர் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று. 2025 நவம்பர் முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம். என் மாமியாரை உட்கார வைத்து இதையெல்லாம் பார்த்து முடித்துவிட்டேன்.

கருவூலத்திலிருந்து, அம்மா இருந்த நாள் வரைக்கான ஓய்வூதிய நிலுவை கொஞ்சம் வந்தது. பெரிய தொகை இல்லை. அக்காதான் சொன்னாள், இதைப் பங்கு போட வேண்டாம் என்று. இந்தச் சித்திரைக்கு எதிர்சேவை அன்று இரண்டு அண்டாவுக்கும் தயிர் சொல்லியாகிவிட்டது. அக்கா முதல் நாளே வந்துவிடுவாள். இஞ்சி தட்டும் வேலையை எதிர்வீட்டுப் பெரியம்மா தான்தான் செய்வேன் என்று கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.