எலி இருமியதைக் கேட்ட நாள்

கக்குவான் இருமல் ஆய்வில் சேர்ந்தபோது சுண்டெலிகளோடுதான் தொடங்கினேன். மூக்கில் கிருமியை விட்டால் நுரையீரலில் பெருகும், ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் ஏறும். ஆனால் எங்கள் கூண்டுகளில் ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை. பபூன் குரங்குகள் மனிதர்களைப் போலவே வாரக்கணக்கில் இருமும் என்று 2012-ல் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் ஆய்வாளர்கள் காட்டியிருந்தார்கள். குரங்கு வளர்க்க எங்களிடம் வசதி இல்லை. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் 2021-ல் மறுபடி கையிலெடுத்த முறைதான் எங்களுக்குச் சரிப்பட்டது: சுண்டெலிக்குப் பதில், அதைவிடப் பெரிய, கக்குவான் வந்தால் இருமும் எலி.

விலங்கு நெறிமுறைக் குழு முதல் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியது. எலி எவ்வளவு மெலிந்தால் சோதனையை நிறுத்துவீர்கள் என்று கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். தினமும் எடை பார்ப்போம், 20 சதவீதம் குறைந்தால் அந்த எலியை மேலும் வதைக்க மாட்டோம் என்று சேர்த்தோம்.

கிருமியை வளர்க்கப் பொறுமை வேண்டும். ஆட்டு ரத்தம் கலந்த போர்டே-ஜெங்கு என்ற கிருமி வளர்ப்புத் தட்டில் மூன்று நான்கு நாள் கழித்துத்தான் பாதரசத் துளி மாதிரி பளபளவென்று புள்ளிகள் தெரியும்.

உண்மையான பாடு மூச்சு அளக்கும் பெட்டியில்தான். எலியை உள்ளே விட்டு மூடினால், அது மூச்சு விடும்போது ஏற்படும் அழுத்த மாற்றம் திரையில் அலையாக ஓடும். முதல் நாள் பார்த்த அலை எதுவும் புரியவில்லை. புது இடம் என்று எலி விடாமல் மோப்பம் பிடித்தது, மூலையைச் சுரண்டியது. அதனால் கிருமி கொடுக்கும் முன்பே ஒரு வாரம் தினமும் உள்ளே விட்டுப் பழக்கினோம். அப்புறம் தும்மல். அலையில் அதுவும் இருமலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மைக்கும் கேமராவும் வைத்தோம். வாய் திறந்து, வயிறு ஒடுங்கினால்தான் இருமல் என்று எண்ணினோம். எந்த எலிக்குக் கிருமி கொடுத்தது என்று தெரியாத இருவர் தனித்தனியாக எண்ணினார்கள்.

ஒன்பதாம் நாள் ஒரு எலி அடுத்தடுத்து ஐந்து முறை இருமியது. மெல்லிய சத்தம், ஆனால் உடம்பே குலுங்கியது. வருத்தமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. ஐந்தாவது இருமலுக்குப் பிறகு அலை கொஞ்ச நேரம் தட்டையாக ஓடியது. ஒரு மாதக் குழந்தைக்குக் கக்குவான் வந்தால் சில சமயம் இருமலே இல்லாமல் மூச்சு நின்றுவிடும். அந்தத் தட்டைக் கோட்டைத்தான் இப்போது ஒவ்வொரு பதிவிலும் முதலில் தேடுகிறேன்.