ஓடை வடியட்டும்: லாமிங்டன் நாட்குறிப்பு

பிப்ரவரி 12
ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், லாமிங்டன் தேசியப் பூங்காவின் மழைக்காட்டு முகாம். மழை. தூலோனா ஓடையோரம் போகும் நடைத்தடம் மூடல்.

பிப்ரவரி 13
காலையில் வெயில் தலைகாட்டியதும் முகாமில் எல்லோருக்கும் கால் பரபரக்கிறது. முகாம் இருக்கும் கிரீன் மவுண்டன்ஸ் பக்கம் வானம் வெளுத்துக் கிடக்கும்போதே, மாநில எல்லையில் நிற்கும் மலை முகட்டில் கொட்டித் தீர்க்கும். அந்தத் தண்ணீர் பிறகுதான் ஓடைக்கு வந்து சேரும். அதனால் வானத்தை விட்டுவிட்டு நீரின் நிறத்தைப் பார்க்க வேண்டும். தெளிந்த நீர் கலங்கத் தொடங்கினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், மட்டம் ஏறப்போகிறது. நீர் தொடும் விளிம்பில் ஒரு குச்சியைக் குத்திவைத்துக் கால்மணி நேரம் உட்கார்ந்தால் மிச்சமும் தெரிந்துவிடும்.

பிப்ரவரி 14
குச்சி மூழ்கிவிட்டது.

பிப்ரவரி 15
அட்டை. இந்த ஈரத்தில் சருகுக்கு ஒன்று நிற்கிறது. கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகிவிட வேண்டும். பூச்சி விரட்டியைக் காலுறையின் மேல்விளிம்பிலும் காலணி நாக்கிலும் பூச வேண்டும். மழையில் அது கரைந்துபோகும், திரும்பப் பூச வேண்டும். கடித்துவிட்டால் உப்போ நெருப்போ வேண்டாம்: அது குடித்ததைக் காயத்துக்குள்ளேயே கக்கும். மெலிந்த நுனிதான் வாய். அங்கே நகத்தைப் பக்கவாட்டில் நுழைத்துத் தள்ளி, பிறகு தடித்த நுனியை விடுவிக்கலாம். ரத்தம் உறையாமல் கசிந்துகொண்டே இருக்கும். பயப்பட ஒன்றுமில்லை, அரிப்புதான் எரிச்சல்.

உண்ணி வேறு கதை. முடக்கு உண்ணியை நசுக்கவோ திருகவோ கூடாது. உறைய வைக்கும் ஸ்ப்ரேயால் இருந்த இடத்திலேயே கொல்ல வேண்டும்.

பிப்ரவரி 16
ஓடையைக் கடப்பதைப் பற்றியே மனம் சுற்றுகிறது. தூலோனா சுற்று 17.4 கி.மீ.; வழி நெடுக அருவிகள், ஆகவே வழி நெடுக ஓடை. எலபானா அருவி மட்டும் போதும் என்றால் பாக்ஸ் ஃபாரஸ்ட் சுற்று, 10.9 கி.மீ. அதிலும் கால் நனையும்.

ஆட்கள் ஒடுங்கிய இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள், தூரம் குறைவு என்று. ஒடுங்கிய இடத்தில்தான் ஆழமும் வேகமும். அகன்று பரவி, சலசலவென்று ஓடும் இடமே நல்லது. அருவியின் தலைப்பில் கடக்கவே கூடாது. கீழே என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகே காலை வைக்க வேண்டும். பையின் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் கழற்றிவிட வேண்டும்: விழுந்தால் பை நீரில் போகட்டும், ஆள் போகக் கூடாது. முகம் நீர் வரும் திசைக்கு, கோல் முன்னால், ஒரு நேரத்தில் ஒரு கால். காலணியோடுதான் இறங்க வேண்டும். பசால்ட் பாறையில் படிந்த பாசி வெறுங்காலை வாரிவிடும். முழங்காலுக்கு மேல் இழுப்பு இருந்தால் திரும்புவதுதான். திரும்பி வரும் வழியிலும் அதே ஓடை, அதுவும் ஏறிய மட்டத்தில் இருக்கலாம் என்பதை ஏனோ யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

பிப்ரவரி 17
தடத்தின் நடுவே நீலச் சிங்கி இறால், கொடுக்கைத் தூக்கிச் சீறிக்கொண்டு. ஈர நாளில் ஓடையை விட்டு வெளியே உலாவும். சுற்றிப் போய்விட வேண்டும், தொடக் கூடாது. இந்த மழைக்கு ஒரே லாபம்.

பிப்ரவரி 18
மரம் விழுந்து இலைக் கூரை திறந்த இடங்களில் கொட்டும் மரம் முளைத்திருக்கிறது. இதய வடிவ அகல இலை, பூச்சி அரித்த ஓட்டைகளோடு. செந்தட்டியைப் போலச் சுனைதான், ஆனால் வலி பல நாள், சிலருக்கு மாதக்கணக்கில் விட்டுவிட்டு வரும். தேய்த்தால் சுனை ஒடிந்து தோலுக்குள் தங்கும். முடி அகற்றும் மெழுகுப் பட்டையை ஒட்டிப் பிய்த்தால் ஓரளவு வெளியே வரும். பையில் இரண்டு பட்டை, கனமா என்ன.

கைபிடிக்கச் செடியைத் தேடாமல் நடக்கப் பழக வேண்டும். கொட்டும் மரத்துக்குத் தப்பினால் பிரம்புக் கொடியின் கொக்கி முள்.

பிப்ரவரி 19
1937-இல் இதே தேதியில்தான் பிரிஸ்பேனிலிருந்து கிளம்பிய ஸ்டின்சன் விமானம் இந்த மலையில் விழுந்தது. ஏழு பேரில் மூவர் பிழைத்தார்கள். ஒருவர் உதவி தேடி ஓடை வழியே இறங்கினார், அருவிப் பாறையில் விழுந்து இறந்தார். விமானத்தருகே கிடந்த இருவரையும் இந்த மலையில் குடியிருந்த பெர்னார்ட் ஓ'ரெய்லி பத்தாம் நாளுக்குள் கண்டுபிடித்தார்.

வழி தவறினால் ஓடையைப் பின்தொடர்ந்து கீழே போ என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சமவெளிக்குச் சரி. இது பழைய எரிமலையின் சரிவு. எரிமலைக்குழம்பு அடுக்கடுக்காக இறுகி நிற்பதால் ஓடை இறங்கும் ஒவ்வொரு அடுக்கும் ஒரு செங்குத்து. முதல் அருவியில் சறுக்கி இறங்கியவர் இரண்டாவதில் நின்றுவிடுவார்; மேலேயும் ஏற முடியாது. நீர் இரைச்சலில் விசிலும் கேட்காது. தடம் தொலைந்த இடத்திலேயே, இரைச்சலை விட்டுத் தள்ளி உட்கார்ந்து, செயற்கைக்கோள் வழியே அபாயச் செய்தி அனுப்பும் பீக்கனை இயக்க வேண்டும். கைபேசிச் சிக்னலை நம்பி இறங்கினால், பள்ளத்தில் அதுவும் இருக்காது.

பிப்ரவரி 20
நீர் தெளிகிறது. இன்னும் ஒரு நாள்.

பிப்ரவரி 21
காலணி அடிப்பாகத்தை முதலில் பிரஷ்ஷால் தேய்த்து மண்ணை உதிர்க்க வேண்டும், பிறகுதான் கிருமிநாசினி. சேற்றின் மேல் தெளித்தால் உள்ளே இறங்காது. ஃபைட்டோஃப்தோரா என்னும் வேரழுகல் நுண்ணுயிர் ஈர மண்ணோடுதான் பயணம் செய்கிறது. முகட்டில் நிற்கும் அண்டார்டிக் பீச் மரங்கள் அடியிலிருந்தே புதுத் தண்டு விட்டுத் தலைமுறை தலைமுறையாக நிற்பவை, அவற்றின் வேரை மிதிக்காமல் தடத்திலேயே நடக்க வேண்டும்.

நாளை ஏழு மணிக்குக் கிளம்பினால் ஓய்வோடு மாலைக்குள் முடியும். நண்பகலுக்குள் பாதி வராவிட்டால் வந்த வழியே திரும்புவது. கூரை அடர்ந்த பள்ளத்தில் சூரியன் மறையும் முன்பே இருட்டிவிடும். தலைவிளக்கு, மாற்று பேட்டரி, இரண்டு லிட்டர் தண்ணீர். பீக்கனின் காலாவதித் தேதியைப் பார்க்க வேண்டும்.