சாமிக்குச் சுகர் எவ்வளவு?

கார்த்திகை 1

ஆரியங்காவு ஐயப்பன் கோயிலில் சபரிமலைக்கு மாலை போட்டாச்சு. புளியரை ஏத்தத்தில் லாரி வரிசை. விடியுமுன்னே கிளம்பியும் நேரமாகிவிட்டது. மாலையைக் கழுத்தில் போடும்போது குருசாமி காதோரம் கேட்டது சரணம் இல்லை. "ஊசி போட்டீரா? சாப்பிட்டீரா?"

"ரெண்டும் ஆச்சு சாமி."

"அப்ப சத்தமா விளியும்."

காலைச் சுகர் 138.

கார்த்திகை 2

செருப்பு இல்லாமல் பிரானூர் வரைக்கும் போய் வந்தேன். மரக்கடை வாசல் முழுக்கச் சிராய். நாளைக்கு டாக்டரம்மாவிடம் கேட்க வேண்டும்.

கார்த்திகை 3

தென்காசி. கண்ணை மூடச் சொன்னார் டாக்டரம்மா. பிடியில் செருகின ஒரு நைலான் இழை. அது வளையும்வரை அழுத்தினால் பத்து கிராம் அழுத்தமாம். "படும்போதெல்லாம் சொல்லுங்க சாமி." குதிகால், சொன்னேன். நடுப்பாதம், சொன்னேன். சுண்டுவிரல் அடி, சொன்னேன். பிறகு ஒன்றும் வரவில்லை. ஃபேன் சத்தம்தான். டாக்டரம்மா எழுதப் போய்விட்டார் என்று நினைத்துக் கண்ணைத் திறந்தால், குனிந்து உட்கார்ந்திருக்கிறார். இடது பெருவிரலுக்கு அடியில் இழை வில்லாக வளைந்து நிற்கிறது.

"வெறுங்கால் இந்தக் காலுக்குக் கிடையாது. வீட்டுக்குள்ளேயும் கிடையாது."

மாலை போட்டவனிடம் சொல்கிற பேச்சா இது. ஆனால் இழையை நானும் பார்த்தேனே.

மலை ஏற வேண்டாம் என்று சொல்லவில்லை. ட்ரெட்மில் டெஸ்ட் எடுத்துவிட்டு வரச் சொன்னார். தினம் நடக்கணும், சேர்ந்தாற்போல ரெண்டு நாள் விடக்கூடாது. நடக்குமுன் சுகர் மெஷினில் பார்க்கணும். 100-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டு, 250-க்கு மேலே இருந்தால் அன்றைக்கு ஏத்தம் வேண்டாம். காய்ச்சல் என்றால் நடையே வேண்டாம். மூணு மாசச் சுகர் (HbA1c) 8 சதவீதம். சராசரி போட்டால் 183 வருமாம். எனக்கு 183 ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது.

கார்த்திகை 4

மழை. மாடிப்படியிலேயே ஏறி இறங்கினேன். முன்னே 171, பின்னே 139. வீட்டுக்காரி துணியெடுக்க வந்து வழிவிடச் சொன்னாள், "ஓரம் போங்க சாமி" என்று.

கார்த்திகை 6

குருசாமியிடம் செருப்பு விஷயம் சொல்லியாச்சு. ராத்திரி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்ட வசனம் எதுவும் தேவைப்படவில்லை. "உங்க அண்ணாச்சிய பம்பையில இருந்து வண்டியில ஏத்தினவன் நான்தான் வே. தோல் வேண்டாம், கேன்வாஸ் போடும்" என்றார். அவ்வளவுதான். பக்கத்தில் இருந்த ஒரு சாமி மட்டும், "அப்ப கட்டில்ல படுத்துக்கிடலாமா, தலையணை வச்சுக்கிடலாமா" என்று இழுத்தார். குருசாமி அவரைப் பார்த்த பார்வையில் அவர் வெற்றிலைச் செல்லத்தைத் தேடப் போய்விட்டார்.

கார்த்திகை 7

சாயங்காலம்தான் ஷூ வாங்கணும், கால் கொஞ்சம் வீங்கியிருக்கிற நேரம். பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரற்கடை இடம் வேண்டும். இறங்கும்போது விரல் முன்னால் போய் இடிக்கும், நகம் கறுக்கும். கடைப்பையன் ஒரு சைஸ் பெரிசாக எடுத்தால் கழலும் என்றான். கழலவில்லை. வெள்ளை சாக்ஸ் கேட்டேன், மேலே ரப்பர் இறுக்காததாக. கறுப்புச் சட்டை, கறுப்பு வேட்டிக்கு வெள்ளை எதற்கு சாமி என்றான். ரத்தம் வந்தால் தெரியணும் என்று சொன்னதும் பில் போடப் போய்விட்டான்.

கார்த்திகை 8

புது ஷூ, வீட்டுக்குள் மட்டும், அரை மணி. கழற்றிப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

கார்த்திகை 10

குண்டாறு போகிற ரோடு. வயலில் எல்லாம் தண்ணீர். ஏத்தம் வருகிற இடத்தில் வேகமாகப் போட்டேன், சபரிமலைப் பாதையில் வரும் நீலிமலையை நினைத்து. திரும்பும்போது பிடரியில் வேர்த்தது. காற்று சில்லென்று அடிக்கிறது, எதற்கு வேர்க்கிறது? நெஞ்சு படபடக்கவில்லை, கை நடுங்கவில்லை. மதகுத் திண்டில் உட்கார்ந்து மெஷினை எடுத்தேன். 61.

குளுக்கோஸ் பொடி மூணு ஸ்பூன், தண்ணீரில் கலக்கிக் குடித்தேன். பதினைந்து நிமிஷம். அந்தப் பதினைந்து நிமிஷம் இருக்கிறதே. ஆட்டோக்காரர் ஒருவர் நிறுத்தி, "சாமி, சாக்லேட் இருக்கு, தரவா?" என்றார். சாக்லேட் கொழுப்போடு சேர்ந்து மெல்லத்தான் ஏறும். சொல்ல வாய் வரவில்லை, கையை ஆட்டினேன். அவர் போகாமல் நின்றார். மறுபடி 94. அந்த ஆட்டோவிலேயே வீடு. வந்ததும் மூணு இட்லி.

அவளிடம் 61 என்று சொல்லவில்லை. 80 என்றேன்.

கார்த்திகை 11

நேற்றைய வேர்வையையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பிரஷர் மாத்திரை அட்டெனலால். அது படபடப்பை அமுக்கிவிடும், நடுக்கத்தையும் அமுக்கிவிடும். சுகர் இறங்கினால் மிச்சமிருக்கிற தகவல் வேர்வை ஒன்றுதான் என்று டாக்டரம்மா போனில் சொன்னார். சரி. மலை ஏறுகிறவன் எவனுக்கு வேர்க்காது? அப்பாச்சிமேடு ஏத்தத்தில் இருபது வயசுப் பையனுக்கே சட்டை ஒட்டும். அதில் எது ஏத்தத்து வேர்வை, எது சுகர் வேர்வை? அதோடு முடியவில்லை. சுகர்காரனுக்கு மாரடைப்பு வந்தால் வலி இல்லாமலும் வரலாம், மூச்சுமுட்டும், வேர்க்கும். ஆக ஒரே வேர்வைக்கு மூணு காரணம். மூணுக்கும் செய்ய வேண்டியது வேறு. ஒன்றுக்கு நின்றால் போதும், ஒன்றுக்குக் குளுக்கோஸ், ஒன்றுக்கு ஆஸ்பத்திரி.

எங்கே வேர்க்கிறது என்று பார்த்தால் தெரியுமா? நேற்று பிடரி, மேலுதடு. சட்டை முதுகு காய்ந்துதான் இருந்தது. இதை நம்பலாமா? டாக்டரம்மாவிடம் கேட்டதற்கு, "சந்தேகம் வந்தா உக்காந்து விரலைக் குத்துங்க. வேர்வையப் படிச்சு வைத்தியம் பண்ணாதீங்க" என்றார். நியாயம்தான். ஆனால் இருமுடியைத் தலையில் வைத்துக்கொண்டு, பின்னால் ஆயிரம் பேர் "சாமியே" என்று தள்ளிக்கொண்டு வரும்போது, எங்கே உட்கார, எப்படிக் குத்த?

மாப்பிள்ளையிடம் சொன்னேன், என் பக்கத்திலேயே வரணும் என்று. "மாமா, அரை மணிக்கு ஒரு தடவ நானே குத்திருதேன்" என்றார். ரொம்பச் சந்தோஷமாகச் சொன்னதுதான் கொஞ்சம் யோசனையாக இருக்கிறது.

கார்த்திகை 13

ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு. 73. சாயங்கால நடைதான். நடந்து முடித்த பிறகும் சதை சுகரை இழுத்துக்கொண்டே இருக்குமாம், மறுநாள் வரைகூட. குளுக்கோஸ், பிறகு ஒரு டம்ளர் பால், நாலு பிஸ்கட். அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "அன்னைக்கு 80-னு சொன்னது நிஜமாவே 80-ஆ?" என்றாள்.

கார்த்திகை 14

ராத்திரி இன்சுலின் ஊசி 12 யூனிட்டிலிருந்து 10. டாக்டரம்மா சொன்னபடி.

கார்த்திகை 16

ட்ரெட்மில் டெஸ்ட். நெஞ்சில் ஒயர் ஒட்ட மயிரைச் சிரைத்தார்கள். விரதத்தில் சிரைக்கலாமா என்று கேட்டேன். அந்த நர்ஸ் புனலூர்க்காரி, "ஸ்வாமி, இது ஷேவிங் அல்லா, டெஸ்டாணு" என்றாள். இதயம் தேவலையாம். மூணில் ஒரு காரணம் கொஞ்சம் தள்ளி நிற்கிறது. போகவில்லை, தள்ளி நிற்கிறது.

கார்த்திகை 18

திருக்கார்த்திகை. ஓலைக் கொழுக்கட்டை ரெண்டு. பிறகு தெருவில் நடந்தேன். 188. போகட்டும்.

கார்த்திகை 19

அண்ணன் போன். "ஏல, எனக்கு அரவணை ஒரு டின்." சபரிமலைப் பாயசப் பிரசாதம். பச்சரிசி, வெல்லம், நெய். அதுவும் அவனுக்கு. சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

கார்த்திகை 21

மேலத்தெருவில் பஜனை. முடிந்ததும் ஒரு சாமி, உம்ம மெஷின்ல எனக்கும் பாரும் என்று விரலை நீட்டினார். 412. ஆள் அப்படியே திண்ணையில் சாய்ந்துவிட்டார். அவர் வீட்டு மாளிகைப்புறம் (பெண் சாமி) அழ ஆரம்பித்துவிட்டது. எனக்கு அந்த விரலில்தான் கண். பஞ்சாமிர்தம் பிசைந்த விரல், நகத்திடுக்கில் இன்னும் வாழைப்பழம். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, வேறு விரலில் குத்தினேன். 157. சரணகோஷம் அப்போதுதான் நிஜமாகக் கேட்டது. அதற்குப் பிறகு வரிசை. ஸ்ட்ரிப் டப்பா பாதி காலி. கேட்கிறவர்களிடம் இல்லை என்று எப்படிச் சொல்வது, எல்லோரும் சாமி. ஆளுக்குப் புது ஊசிமுனை போட்டேன், அதில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

கார்த்திகை 24

அண்ணனுக்குக் காலில் கட்டு மாற்றியாச்சு. மக்களைத் தேடி மருத்துவம் அக்கா வந்து மாத்திரை கொடுத்துப் போனாராம். காலைப் பற்றி அவன் பேசவில்லை. அரவணையைப் பற்றிப் பேசினான்.

கார்த்திகை 27

ஒருபொழுது இருக்கிற சாமிகள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். மூணு வேளையும் தின்கிற விரதக்காரன். வேகமாக வேலை செய்வதும் மெதுவாகச் செய்வதும் கலந்த 30/70 இன்சுலின் ஊசியைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று ஒருவருக்கு விளக்கினேன். கடைசியில், "ஊசியையும் ஒருபொழுது ஆக்கிரும்" என்றார். நல்லவர்தான். கோபம் வந்தது. மாலை போட்டிருக்கிறேன் என்று வாயை மூடிக்கொண்டேன்.

மார்கழி 1

குளிர். பஜனைக்குப் போகுமுன் 109, வந்தபின் வெண்பொங்கல், அதன்பின் பார்க்கவில்லை.

மார்கழி 4

தினமும் முகம் பார்க்கிற கண்ணாடியைத் தரையில் போட்டு உள்ளங்காலைப் பார்க்கிறேன். இன்றைக்கு இடது சுண்டுவிரல் ஓரம் கொப்புளம், மிளகு அளவு. வலி இல்லை. வலி இல்லாததுதான். ஷூவுக்குள் கையை விட்டுத் தடவினேன், தையல் ஒன்று துருத்திக்கொண்டிருந்தது.

நடை கிடையாது. நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து. தொடை கெட்டிப்பட்டால் இறக்கத்துக்கு நல்லதாம்.

மார்கழி 5

கொப்புளம்.

மார்கழி 6

அப்படியே. உடைக்கவில்லை. டாக்டரம்மா வாட்ஸ்அப்பில் படம் கேட்டார். அவள் டார்ச் அடித்து, குனிந்து, நாலு படம் எடுத்தாள். எடுத்துவிட்டுக் காலை விடாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். டோலியில் போனால் என்ன என்றாள். யோசிக்கிறேன் என்றேன். யோசிக்கவில்லை.

மார்கழி 9

காய்ந்துவிட்டது! தையலைச் செருப்பு தைக்கிறவர் தட்டிக் கொடுத்தார். மடத்தெரு வரைக்கும் ஷூவோடு. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை.

மார்கழி 12

மண்டல பூஜை முடிந்து நடை அடைத்தாச்சு. திறந்த பிறகு நாங்கள். இன்று குண்டாறு ரோடு முழு ஏத்தம். முன்னே 164, நடுவில் 128, வீட்டில் 117. வேர்த்தது, முதுகில், நெஞ்சில், எங்கேயும். நல்ல வேர்வை.

மார்கழி 15

குருசாமி வீட்டில் பேச்சு. முன்முடியில் நெய்த்தேங்காய், பூஜைச் சாமான். பின்முடியில் நம் சாமான். குளுக்கோஸைப் பின்முடியில் வைத்துவிடலாமா என்றார் மாப்பிள்ளை. "சன்னிதானம் போய்ச் சேருமுன்னே முடியப் பிரிப்பீரா?" என்று குருசாமி கேட்டதும் தீர்ந்தது. குளுக்கோஸ், மெஷின், பிஸ்கட் எல்லாம் தோள்பையில். இன்னொரு பொட்டலம் மாப்பிள்ளை பையில், ஒருவேளை கூட்டத்தில் பிரிந்தால். ஊசி மருந்தும் தோள்பையில், ஈரத்துண்டு சுற்றி; வண்டி முன்கண்ணாடிக்குக் கீழே வைத்தால் வெயிலில் கெட்டுப்போகும்.

ஏறுகிற அன்றைக்கு ஊசி வயிற்றில், தொடையில் இல்லை. ஏத்தத்தில் தொடை ஓடிக்கொண்டே இருக்கும், மருந்தும் வேகமாக உள்ளே போய்விடும். க்யூவில் எத்தனை மணி நேரம் என்று யாருக்கும் தெரியாது. அதனால் சாப்பாடு நிச்சயம் என்றால்தான் ஊசி. இதை அவள் ஒரு அட்டையில் எழுதி, என் பேர், அவள் நம்பர், "சுகர் உண்டு, ஊசி போடுபவர்" என்று சேர்த்து, மாலையோடு கழுத்தில் மாட்டச் சொல்கிறாள்.

மார்கழி 16

கட்டு நிறை, இருமுடி கட்டுகிற சடங்கு. அரிசி போடும்போது அண்ணனும் வந்திருந்தான், ஊன்றுகோலோடு. மூணு கை அரிசி போட்டான். என் ஷூவைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது, "டின் மூடி இறுக்கமா இருக்கான்னு பாத்து வாங்கு" என்றான்.

மார்கழி 17, பம்பை

நிலக்கல்லில் வண்டியை விட்டுவிட்டு கேரளா பஸ். இங்கே வந்து இட்லி, சாம்பார், அரை மணி முன்னால் ஊசி, வயிற்றில். டாக்டரம்மா எழுதிக்கொடுத்த குறைந்த அளவுதான். இப்போது 176. மாப்பிள்ளை ஏற்கனவே ரெண்டு தடவை குத்திவிட்டார், ஒன்று தேவையே இல்லை. நீலிமலையிலும் அப்பாச்சிமேட்டிலும் ஆஸ்பத்திரி இருக்கிறது, வழியில் சுக்குத் தண்ணி கொடுப்பார்கள் என்று மலையாளத்தில் மைக்கில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். மெதுவாக ஏறு, உட்கார்ந்து ஏறு என்றும்.

ஆற்றில் இறங்கவில்லை, செம்பில் மொண்டு ஊற்றிக்கொண்டேன், விரலிடுக்கைத் துடைத்தேன். வெள்ளை சாக்ஸ். குருசாமி எண்ணிப் பார்க்கிறார், ஒரு சாமி குறைகிறதாம், டீ குடிக்கப் போயிருக்கும். பிடரியில் லேசாக வேர்க்கிறது. இன்னும் ஏறவே ஆரம்பிக்கவில்லையே. மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன், விரலை நீட்டினேன். 169. வெயில்தான். போன் அடிக்கிறது, அண்ணன். அரவணைக்குத்தான் இருக்கும்